பெட்டி கட்டுகிற வீடு

வெயில் ஏறியதும் கமருன்னிஸா நைட்டிகளை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள். உடுத்துகிற நைட்டிகள் இல்லை. விற்பதற்கென்று ஈரோட்டிலிருந்து வரவழைத்தவை. ஒவ்வொன்றாகக் கவரைவிட்டு எடுத்து, உதறி, உள்பக்கம் வெளியே வரும்படி கொடியில் போட்டு, மதியத்துக்குள் மடித்து மறுபடி கவருக்குள் வைக்க வேண்டும். தை மாதத்துப் பனிக்கு, பீரோவுக்குள்ளேயே இருந்தாலும் துணியில் ஒரு முடை வந்துவிடுகிறது.

"கமரு, கொடி அறுந்து விழுந்துடப் போகுது!" என்று கீழேயிருந்து அப்துல் ஜலீல் குரல் கொடுத்தார்.

"விழுந்தா விழட்டுங்க. அந்தச் சத்தத்துலயாச்சும் யாராவது எட்டிப் பாத்து ஒண்ணு வாங்குவாங்க."

பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவில், குடமுருட்டி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தெரு அது. தெருவில் பாதி வீடுகளில் ஆண்பிள்ளைகள் கிடையாது. இருப்பார்கள், ஆனால் தம்மாமில், தோஹாவில், ஷார்ஜாவில் இருப்பார்கள். அப்துல் ஜலீலும் அப்படித்தான். கமருன்னிஸாவின் கல்யாண மருதாணி கையைவிட்டுப் போவதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. மகள் ஹஃப்ஸா பிறந்தது போனில், பேசியது போனில், பெரியவளானது போனில். அவளுக்கு நிக்காஹ் ஆனதற்கு மட்டும் நேரில் வந்து நின்றார்.

இந்தத் தடவை லீவு நீண்டுகொண்டே போனது. தம்மாமில் அவர் ஏசி மெக்கானிக்காக இருந்த கம்பெனியில் வேலை கொஞ்சம் மந்தம், பொறுத்து வா என்று சொல்லியிருந்தார்கள். இப்போது வரச் சொல்கிறார்கள். ஃபோர்மேன் அப்துல் ஹமீது வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வார். "என்ன ஜலீல் பாய், டிக்கெட் போட்டுடவா?"

"பாக்கலாம் பாய்" என்பார் இவர்.

சமையல்கட்டில் நிற்கிற கமருன்னிஸாவுக்கு அந்தப் 'பாக்கலாம்' கேட்கும். கரண்டியைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு, அதற்குமேல் ஏதாவது சொல்கிறாரா என்று காதைக் கொடுப்பாள். அவர் சொல்ல மாட்டார்.

போகாதீர்கள் என்று அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தெருவில் யாரும் சொல்வதில்லை. கிளம்புகிறவன் காதில் அப்படி ஒரு சொல் விழக்கூடாது, வழிக்கு ஆகாது என்பார்கள். ஆகவே அவள் சொல்லாமல் வேறொரு வழி பார்த்தாள். வீட்டிலிருந்தே போனில் ஒரு வியாபாரம் ஓடினால், அது காலூன்றி நின்றால், அவர் போக வேண்டிய அவசியமே இருக்காது. சோற்றுக்கு வழி இருக்கிற வீட்டில் மனுஷன் தானாக இருந்துகொள்வார். இதை அவள் மகளிடம்கூடச் சொல்லவில்லை. "சும்மாதானே இருக்கேன், ஏதாவது செய்யலாமேன்னு" என்றுதான் ஆரம்பித்தாள்.

ஏதாவது என்று ஆரம்பித்தது எல்லாமுமாகப் போய்விட்டது. நைட்டி, பேரீச்சம்பழம், மருதாணி கோன், எலுமிச்சை ஊறுகாய், பிள்ளைகளுக்கு ஹேர் கிளிப், எவர்சில்வர் டப்பா. திருவையாற்றுப் பக்கம் அசோகா அல்வா நன்றாகப் போகிறதே என்று அதையும் கிண்டி, அந்த வாரம் முழுக்க வீட்டில் காலைப் பலகாரமே அசோகாவாக இருந்தது. அத்தனையையும் போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுப் போட்டு, அதில் அவள் படத்தைச் சுற்றியிருந்த பச்சை வளையம் பொடிப்பொடிப் புள்ளிகளாகச் சிதறிவிட்டது.

"அம்மா, உங்க ஸ்டேட்டஸை நானே தள்ளித் தள்ளிவிட்டுட்டுப் போறேன்" என்றாள் ஹஃப்ஸா. அவள் காரைக்காலில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தினமும் மத்தியானம் வீடியோவில் வருவாள்.

"பெத்த மகளே தள்ளிவிட்டா ஊரு ஏன் நின்னு பாக்கப் போகுது?"

"கோவிச்சுக்காதீங்க. எல்லாத்தையும் விக்கிறவங்ககிட்ட எதுக்குன்னு வருவாங்க? ஒண்ணே ஒண்ணு எடுங்க. அது வேணும்னா உங்க ஞாபகம்தான் வரணும்."

"ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு, அதுவும் போகலன்னா?"

"இப்ப பத்தும்தானே போகல?"

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்துல் ஜலீல் சிரித்துவிட்டார். கமருன்னிஸா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, இப்படி யோசிங்க" என்றாள் ஹஃப்ஸா. "நீங்க கடையே வைக்கல. அப்பவும் தெருவுல எதுக்காக உங்களைத் தேடி வர்றாங்க?"

கமருன்னிஸா யோசித்தாள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டருக்கு வருவார்கள். உறை மோருக்கு வருவார்கள். அதெல்லாம் ஒரு வியாபாரமா?

அதற்கு மறுநாள்தான் பக்கத்து வீட்டு நஃபீசா வந்து நின்றாள். அவள் மகன் அஸாருக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்திருந்தது. முதல் பயணம்.

"கமரு, புள்ளைக்கு நீதான் பெட்டி கட்டித் தரணும். நான் கட்டுனா திருச்சிக்குப் போறதுக்குள்ளயே வாயப் பொளந்துடும்."

பெட்டி என்றால் அந்தத் தெருவில் சூட்கேஸ் இல்லை. அட்டைப்பெட்டி. அதற்குள் ஊறுகாய், பொடி, கருவாடு, முறுக்கு, இடியாப்ப மாவு, தைலம் என்று ஒரு சமையல்கட்டே போகும். போகிறவனுக்கு உரியது மட்டுமில்லை. அங்கே இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கென்று நாலு வீட்டிலிருந்து பொட்டலம் வரும். வேண்டாம் என்று யாருக்கும் சொல்லக்கூடாது. நாளைக்கு நம் வீட்டுப் பொட்டலமும் யார் பெட்டியிலாவது போக வேண்டுமே. விமானத்தில் விடுகிற எடைக்குள் அத்தனையையும் அடக்கி, ஒழுகாமல், நாறாமல், நசுங்காமல் கட்டுவதில் கமருன்னிஸாவின் கை பேர்போனது. கருவாட்டைப் பால்பவுடர் டப்பாவில் திணித்து, மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுவாள். முறுக்கை இடியாப்ப மாவுக்குள் புதைத்துவிடுவாள். மாவும் போகும், முறுக்கும் உடையாது.

அன்றைக்கு ஹஃப்ஸா வீடியோவில் வந்தபோது கமருன்னிஸா டப்பாவுக்கு மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா!" என்று மகள் கத்தினாள். "இதுதான்!"

"எது? மெழுகுவர்த்தியா?"

"பெட்டிம்மா, பெட்டி! வெளிநாடு போறவங்களுக்குப் பெட்டி. சாமானும் நீங்களே செய்யுங்க, நீங்களே கட்டுங்க. போன்ல சொன்னா போதும், பெட்டி வீட்டுக்கு வந்துடும். வேற எதையும் விக்க வேணாம்."

"அடி போடி. பெட்டி கட்டிக் குடுக்க காசு வாங்குனா தெரு காறித் துப்பாது? இது ஒரு ஒத்தாசை."

"அக்கம்பக்கத்துக்கு ஒத்தாசை. மன்னார்குடிக்காரங்களுக்கும் பட்டுக்கோட்டைக்காரங்களுக்கும் வியாபாரம்."

கமருன்னிஸா மெழுகை ஊதி ஆற்றினாள். வாழ்க்கையில் அவளுக்குப் பிடிக்காத வேலை ஒன்று உண்டென்றால் அது பெட்டி கட்டுவதுதான். பிடிக்காததாலேயே அத்தனை நன்றாகக் கட்டினாள். அடுக்குகிற மும்முரத்தில் அழுகை வராது. கடைசி முடிச்சைப் போட்டுக் கயிற்றின் நுனியை நறுக்கியதும், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீடு திடீரெனப் பெரிதாகிவிடும். கடைத்தெருவில் எத்தனையோ சாமான் இருக்க, ஒருத்தரை வீட்டில் இருத்தி வைப்பதற்காகத் தேடிய வியாபாரம், ஆட்களை அனுப்பி வைக்கிற வியாபாரமாகவா வந்து வாய்க்க வேண்டும்?

ஆனாலும் ஹஃப்ஸா விடவில்லை. அஸாரின் பெட்டியைக் கட்டக் கட்ட வீடியோ எடுக்கச் சொன்னாள். அப்துல் ஜலீல் எடுத்தார். எடுத்தவர் இடையில் போனைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த முடிச்சு" என்றார், குறுக்குக் கயிறும் நெடுக்குக் கயிறும் சேருகிற இடத்தைத் தொட்டு. "ரூம்ல எல்லாரும் பெட்டி வந்ததும் கத்திய எடுத்துச் சரக்குனு வெட்டுவானுங்க. நான் வெட்ட மாட்டேன்."

"பின்னே?"

"உக்காந்து ஒவ்வொரு முடிச்சா அவுப்பேன். உன் முடிச்சு லேசுல வராது. ராஸ்கல் முடிச்சு. ஹமீது பாய் திட்டுவாரு, 'ஓய், ஊறுகாய் உள்ள இருக்குது, நீ என்னய்யா கயிறோட கொஞ்சிக்கிட்டிருக்கே'ன்னு."

கமருன்னிஸா கயிற்றை இழுத்து இறுக்கினாள். "அவுத்த கயிறை என்ன செஞ்சீங்க?"

"துணி காயப்போட்டேன். அங்க எங்க ரூம் கொடி பூரா உன் கயிறுதான்."

இத்தனை வருஷத்தில் இது அவளுக்குத் தெரியாது. அவள் தலையைக் குனிந்து, தேவையே இல்லாமல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

ஹஃப்ஸா அந்த வீடியோவை வெட்டி ஒட்டி ஏற்றிய இரண்டாம் நாள் தோஹாவிலிருந்து ஒரு பையன் கேட்டிருந்தான். அவன் சிநேகிதன் லீவு முடிந்து மன்னார்குடியிலிருந்து கிளம்புகிறான், அவன் கையில் ஒரு பெட்டி கொடுத்துவிட முடியுமா என்று. "ஊறுகாய், கருவாடு, குருமாப் பொடி. எங்க அம்மா இல்லீங்க. நீங்க எப்படிச் செய்வீங்களோ அப்படியே செஞ்சிடுங்க" என்று எழுதியிருந்தான். கமருன்னிஸா அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பிறகு நைட்டி போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

அஸார் கிளம்பிய அன்று தெருவே வாசலில் நின்று துவா ஓதி அனுப்பியது. மத்தியானத்துக்கு முன்னாலேயே கார் போய்விட்டது. விமானம் சாயங்காலம்தான்; வழியில் வல்லத்தில் மாமி வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திருச்சி போவதாக ஏற்பாடு. நஃபீசாவும் கூடப் போயிருந்தாள்.

கமருன்னிஸா கோழிக் குருமா வைத்திருந்தாள். அப்துல் ஜலீல் இடியாப்பத்தைப் பிய்த்துத் தோய்த்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. என்னமோ இன்னைக்குக் குருமா தம்மாம்ல சாப்பிடற மாதிரியே இருக்கு."

கமருன்னிஸா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள்.

அவள் அரைக்கிற குருமாப் பொடி இரண்டு விதம். வீட்டுக்கு அரைப்பதில் கசகசா சேரும். வெளிநாட்டுக்கு அரைப்பதில் சேராது. அங்கே கசகசா ஆகாத சாமான், போதைப்பொருள் கணக்கில் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று தெருவில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்குப் பதில் முந்திரியும் பொட்டுக்கடலையும் போடுவாள். அவர் இல்லாத வருஷங்களில் வீட்டில் ஒரே பொடிதான், பெரிய ஜாடியில், கசகசா இல்லாதது. தனக்கென்று ஒருத்தி தனியாகவா அரைத்துக்கொள்வாள்? இந்தத் தடவை அவர் வீட்டில் இருக்கிறாரே, கசகசா போட்ட குருமாவுக்கு ஏங்கிய மனுஷனாயிற்றே என்று பெரிய ஜாடி நிறைய அவருக்காக அரைத்தாள். வெளிநாட்டுப் பொடியைச் சின்ன ஜாடிக்கு மாற்றினாள். பெட்டி கட்டுகிறபோது கை பழைய வழக்கத்தில் பெரிய ஜாடிக்குத்தான் போயிருக்கிறது. அதை வழித்துக் கட்டிவிட்டு, மிச்சமிருந்த சின்ன ஜாடியை வீட்டுப் பொடியென்று இன்றைக்குக் குருமாவுக்கு எடுத்திருக்கிறாள்.

சின்ன ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். முந்திரி.

"அல்லாவே" என்றாள். "புள்ளை பெட்டியில கசகசா போயிருக்குங்க."

அஸாரின் போன் அணைந்திருந்தது. காரில் ஏறியதுமே ஊர் சிம்மைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிடுவது இந்தப் பிள்ளைகளின் பழக்கம். நஃபீசாவுக்கு அடித்தார்கள். அந்த மணி சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டின வீட்டுக்குள்ளே பாடியது. கார் தஞ்சாவூர்க்காரருடையது, நம்பர் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. வல்லத்து மாமியின் நம்பரும் அதற்குள்தான்.

அப்துல் ஜலீல் கையைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை. சட்டையை மாட்டினார், வண்டிச் சாவியை எடுத்தார்.

"எந்த இடத்துல வச்சே?"

"தைல பாட்டிலுக்குக் கீழ, இடது மூலையில. நீலக் கவரு. முடிச்சை…"

"முடிச்சை எனக்குத் தெரியும்."

வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் அவள் வாசலில் நின்றாள். அவர் ஏர்போர்ட்டுக்குப் போகிறார் என்பது அப்போதுதான் மனதில் தைத்தது.

சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்தாள். திறந்தாள். மறுபடி மூடினாள். ஹஃப்ஸா வீடியோவில் வந்தபோது எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால்? முதல் பயணம், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஒன்றும் ஆகாமல் தப்பினாலும், இனி யார் இவள் கையை நம்பிப் பெட்டி கட்டச் சொல்வார்கள்? சொல்லவும் கூடாது. தோஹாப் பையனுக்கு இல்லையென்று எழுதிவிட வேண்டும். அப்புறம் நைட்டியும் இல்லை, பெட்டியும் இல்லை. வெள்ளிக்கிழமை வரும், அப்துல் ஹமீது போன் வரும், 'பாக்கலாம்' என்பது 'போடுங்க பாய்' என்று ஆகிவிடும். எல்லாம் அவருக்காக அரைத்த ஒரு ஜாடிப் பொடியால்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறமும் வெகுநேரம் கழித்துத்தான் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அவர் அவசரத்தில் தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"எடுத்துட்டேன்" என்றார். "புள்ள உள்ள போயிட்டான். ஒண்ணும் இல்ல. வர்றேன்."

அவ்வளவுதான். ஆட்டோக்காரனுடையதோ, டீக்கடைக்காரனுடையதோ, போனை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

இருட்டி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு வண்டிச் சத்தம் கேட்டது. அவள் ஓடவில்லை. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றாள். தலைமுடியிலும் சட்டையிலும் வைக்கோல் துணுக்கோடு அப்துல் ஜலீல் உள்ளே வந்தார்.

"அய்யம்பேட்டை தாண்டி ரோடெல்லாம் நெல்லு காய வச்சிருக்கானுங்க. மேல ஏத்திட்டேன்னு ஒரு பொம்பளை வண்டிய மறிச்சு நிறுத்தி ஏசுது பாரு! புள்ளை கெட்டுடும்மான்னேன். 'என் நெல்லு கெட்டுச்சே, அதச் சொல்லு'ங்குது."

சட்டைப்பையிலிருந்து நீலக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்திரமாக இருந்தது.

"ஏர்போர்ட்டு வாசல்ல தடியோட நிக்கிறானே, அவன் டிக்கெட் எங்கன்னான். டிக்கெட் இல்லப்பா, குருமாப் பொடிதான் வேணும்னேன். ஒரு மாதிரி பாத்தான். நல்ல வேளை, அஸார் இன்னும் உள்ள போகல. நஃபீசா அவனக் கட்டிப் புடிச்சு அழுதுட்டே நின்னுச்சு. அழுகையாலதான் தப்பிச்சான் பய. அங்கயே தரையில உக்காந்து முடிச்ச அவுத்தேன். கூட்டம் கூடிப்போச்சு. வெட்டுங்க பாய், வெட்டுங்க பாய்ங்குறானுங்க. வெட்டல."

"நஃபீசா என்ன சொன்னா?"

"திட்டுச்சு. அப்புறம் அதுவே கயிறப் புடிச்சுக்கிச்சு. திருப்பிக் கட்டினேன். உன்னாட்டம் வரல."

கமருன்னிஸா இடியாப்பத்தை ஆவியில் வைத்துச் சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "அங்க போயி, உள்ள போகாம வெளியவே நின்னுட்டுத் திரும்புனது இதான் முதல் தடவை" என்றார். "எல்லாப் பயலும் உள்ள போறான். நான் மட்டும் வண்டியத் திருப்புறேன். என்னமோ மாதிரி இருந்துச்சு."

என்ன மாதிரி என்று அவள் கேட்கவில்லை. ஏர்போர்ட்டுக்குப் போன மனுஷன் அன்றைக்கே வீட்டுக்கு வந்து சாப்பிடுவதை அவளும் முதல் தடவையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இத விட்டுடறேங்க" என்றாள். "தோஹாப் பையனுக்கு இல்லன்னு எழுதிடறேன். எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்கு? கசகசா டப்பாவ மேல்தட்டுல வையி. பெட்டிப் பொடிக்குத் தனியா மிக்ஸி ஜாரு. கவரு மேல நான் எழுதி ஒட்டுறேன்." கையை நக்கிக்கொண்டே சொன்னார். "தெருவுல சிரிப்பானுங்க, ஜலீல் பொட்டலம் ஒட்டுறான்னு. சிரிக்கட்டும். அந்தத் தோஹாப் புள்ளை, அம்மா இல்லன்னு எழுதியிருந்தானே."

அவள் தட்டை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி திரும்பி வந்தாள். அவர் எங்கிருந்தோ ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். கட்டிலின்மேல் கிடந்த அவருடைய போனில் தம்மாமிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்து நின்றிருந்தன.

பீரோவின் மேலே ஒரு ஆப்பிள் பெட்டி இருந்தது. கெட்டியான இரட்டை அட்டை. லீவுக்கு வந்த புதிதில், தஞ்சாவூரில் பழக்கடைக்காரனிடம் பொறுக்கி அவரே வாங்கிவந்து வைத்தது. திரும்பிப் போகும்போது ஆகுமென்று.

"நாளைக்கு மன்னார்குடிக்குக் கட்டணும்" என்றாள் கமருன்னிஸா. "கீழ இருக்கிறதெல்லாம் ஒத்தை அட்டை. தாங்காது."

"உம்."

"இது ஒண்ணுதான் நல்ல பெட்டி."

அவர் நிமிர்ந்து பீரோவைப் பார்த்தார்.

"உங்களுக்குன்னு வச்சது" என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "எடுத்துக்கவா?"

அப்துல் ஜலீல் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கயிறு சுற்றுகிற கை நிற்கவில்லை. பால் பொங்குகிறதா என்று பார்த்து நிற்பதுபோல அவள் நின்றாள். அவர் காலால் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பெட்டியை இறக்கினாள். மேலே படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். பிறகு அதை இடுப்பில் ஏந்திக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் அறையைவிட்டு வெளியே போனாள்.